உஷார்! ‘நிரம்பவே நிரம்பாது’ என்கிற செப்டிக் டேங்க்

ஒரகடம் பக்கம் மனை வாங்கியவர்களும், வாங்க முன்பணம் எடுத்து வைத்திருப்பவர்களும், கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட லைன் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள். உங்கள் வீட்டில் செப்டிக் டேங்குக்குக் கான்கிரீட் உறை இறக்குகிறவர் மேலே ஏறி வந்து, “கீழே மணல் வந்துடுச்சு சார், இனிமே இந்த டேங்க் நிரம்பவே நிரம்பாது” என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். நாள்தோறும் பத்துப் பேர் பயன்படுத்தியும் ஒரு தொட்டி நிரம்பவில்லை என்றால் அதில் விழுந்தது வேறு எங்கோ போய்ச் சேருகிறது. பெரும்பாலும் அது போய்ச் சேரும் இடம் உங்கள் போர், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் போர்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான், 2012-இல் டெய்ம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. சிப்காட் தொழிற்பேட்டைக்குள்ளே நல்ல சாலை, விளக்கு, வடிகால் எல்லாம் வந்தன. அங்கே வேலைக்கு வந்தவர்கள் குடியேறியதோ சுற்றியிருக்கும் ஊர்களில்: மாத்தூர், வல்லக்கோட்டை, வைப்பூர், பனப்பாக்கம், சென்னக்குப்பம், எழிச்சூர், வடக்குப்பட்டு. இந்த ஊராட்சிகளுக்குப் பாதாளச் சாக்கடை எட்டவில்லை. ஒவ்வொரு வீட்டின் கழிவும் அந்தந்த வீட்டு மண்ணுக்குள்தான் போயாக வேண்டும். குடிக்க, குளிக்க, சமைக்க வேண்டிய தண்ணீரும் பெரும்பாலும் அதே மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது. ஒரே மனையில் ஒரு மூலையில் இறக்குகிறோம், இன்னொரு மூலையில் ஏற்றுகிறோம். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். அடியும் சுவரும் கசியாமல் கட்டிய தொட்டிக்குத்தான் செப்டிக் டேங்க் என்று பெயர். அதில் கெட்டியானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். தொட்டி கிருமியைக் கொல்வதில்லை. அந்த வேலையைச் செய்வது தொட்டிக்கு அடுத்து இருக்கிற மண். தண்ணீர் மெதுவாக, காற்றோட்டமுள்ள, நீர் தேங்காத மண்ணின் வழியே இறங்கும்போதுதான் கிருமிகள் பிடிபட்டுச் சாகின்றன. நம் ஊரில் பெரும்பாலும் கட்டுவது இதுவல்ல. மூன்று, நான்கு அடி அகலத்தில் கான்கிரீட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விட்டு, மேலே ஒரு மூடி போட்டு அதற்கு ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். தண்ணீர் இழுக்கவில்லை என்றால் இன்னும் நான்கு உறை, அதற்கும் இழுக்காவிட்டால் இன்னும் நான்கு. களிமண்ணைத் துளைத்துக்கொண்டு போய் மணலையோ, வெடிப்பு விட்ட பாறையையோ தொடும்வரை இறங்குவார்கள். அப்படித் தொட்டது நிலத்தடி நீர் ஓடுகிற தடம். ‘நிரம்பவே நிரம்பாது’ என்பதன் பொருள் இதுதான்.

இதற்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470, இரண்டு பகுதிகள், 1985-இல் திருத்தி வெளியிட்டது. அதன் இரண்டாம் பகுதி முழுக்க இந்த விஷயம்தான்: தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை எந்த மண்ணில், எப்படி விடலாம். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போடலாம். 30-க்கு மேல் 60 வரை ஆனால் குழி கூடாது. ஆழமில்லாத நீண்ட வாய்க்காலில் ஜல்லி நிரப்பி, அதன் வழியே பரவலாக விட வேண்டும். 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணுக்குள் விடவே கூடாது. தண்ணீரை வடிகட்டித் தொட்டியில் சுத்தம் செய்துதான் வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் இருந்தாலும் சாதாரண குழி கிடையாது. தரைக்கு மேலே மேடு கட்டித்தான் செய்ய வேண்டும்.

இனி தூரம். மண்ணுக்குள் கழிவுநீர் விடும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர். 18 மீட்டர் என்றால் 59 அடி. ஒரகடம் பக்கம் அதிகம் விற்கிற மனை அரை கிரவுண்டு, 30-க்கு 40 அடி. அந்த மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே நூல் பிடித்தால் சரியாக 50 அடி வரும். அதாவது போரை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தாலும் விதி சொல்லும் தூரம் உங்கள் மனைக்குள் அடங்காது. எப்படித் திருப்பிப் போட்டாலும் அடங்காது. 600 சதுர அடி மனையைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. முழு கிரவுண்டு வைத்திருப்பவருக்கு ஒரு வழியாக அடங்கலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் பக்கத்து மனைக்காரர் போர் போட்டிருப்பார். அவரைப் பற்றி உங்கள் வரைபடத்தில் ஒரு கோடும் இருக்காது.

“டி.டி.சி.பி. அப்ரூவ்டு, ரெரா நம்பர் இருக்கு சார்” என்று புரோக்கர் சொல்வார். இருக்கட்டும், நல்லதுதான். சாலை எத்தனை அடி, பூங்காவுக்கு இடம் விட்டார்களா என்றெல்லாம் அதில் பார்த்திருப்பார்கள். உங்கள் மனையில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த கணக்கு அதில் கிடையாது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று கொடுத்தாலே இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் அனுமதிக்கு முன்னால் யாராவது ஒருவர் வந்து மண்ணைப் பார்ப்பார் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

அந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரிலேயே நிலவியலாளர்கள் ஒரு பாறைப் படிவத்தைக் குறிக்கிறார்கள். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. களிப்பாறையும் களிமண்ணும் மணற்பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கிற படிவம். அந்தக் களி இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் மறுநாளும் அங்கேயே நிற்கும். அதே வட்டாரத்தில் இன்னொரு பக்கம் போனால் மெல்லிய செம்மண், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கருங்கல் பாறை. அங்கே நேர்மாறு: ஊற்றிய தண்ணீர் ஒரு நொடியில் காணாமல் போகும், பாறை வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமலே தூரம் போகும். வேகமாக இழுக்கிற மண் நல்ல மண் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே வற்றாத ஆறு கிடையாது, குடிநீர் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் கிணற்று நீர்தான். மலக்குழியிலிருந்தும் உரம் போட்ட தோட்டத்திலிருந்தும் இறங்கிய நைட்ரேட் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே கிணறுகளில் போய்ச் சேர்ந்ததைப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவு செய்து வருகிறார்கள். களி இழுக்காமல் கெடுக்கும், வெடிப்புப் பாறை இழுத்துக் கெடுக்கும். ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் இரண்டுமே உண்டு, சில நேரம் ஒரே ஊரில்.

இதற்கு மேல் மூன்றாவதாக ஒன்று. காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். இன்று மனையாகக் கல் நட்டிருக்கும் நிலத்தில் பெரும்பங்கு ஏதோ ஓர் ஏரியின் ஆயக்கட்டாக, நெல் விளைந்த நஞ்சையாக இருந்தது. லே-அவுட் போடுகிறவர்கள் அந்தக் களியின் மேல் இரண்டு, மூன்று அடிக்குச் செம்மண் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, சுற்றிலும் வண்ணக் கொடி நட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் இறங்கிப் பார்க்கிறவர் கண்ணுக்கு அருமையான செம்மண் பூமி. கொட்டிய மண்ணுக்குக் கீழே மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கும் வயல் அப்படியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே நிலத்தடி நீர் தரைக்குக் கீழே இரண்டடிவரை ஏறி நிற்கும். அப்போது உறைக் குழிக்குள் வெளியிலிருந்து தண்ணீர் ஊறும், கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் இறங்காது, குழிக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிவிடும். 2015 டிசம்பரில் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் அடையாறு ஊருக்குள் நுழைந்ததை எல்லோரும் பார்த்தோம். வீட்டுக்குள் வந்தது ஆற்றுத் தண்ணீர் மட்டுமல்ல, அத்தனை வீட்டு டேங்கிலும் இருந்ததும் சேர்ந்துதான் வந்தது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பவை ஆதனூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகள். நாம் வீடு கட்டிக்கொண்டிருப்பது அந்த நீர்ப்பிடிப்பின் தலைமாட்டில்.

உங்கள் மனை என்ன நிலமாக இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டா பார்க்கும் பக்கத்திலேயே ‘அ’ பதிவேட்டு விவரம் கிடைக்கும். சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள். நன்செய்யா புன்செய்யா என்று இருக்கும். பாசன ஆதாரம் என்ற இடத்தைப் பாருங்கள். ‘மண் வயனமும் ரகமும்’ என்றே தனியாக ஒரு விவரம் இருக்கும். தீர்வை போடுவதற்காக அந்தக் காலத்தில் மண்ணைப் பார்த்து எழுதியது. வீடு கட்ட அதை மட்டும் நம்ப முடியாது, மேல்மண்ணைப் பார்த்துப் போட்ட ரகம் அது. ஆனால் நன்செய், ஏரிப் பாசனம் என்று இருந்துவிட்டால் புரோக்கர் காட்டும் செம்மண் எங்கிருந்தோ லாரியில் வந்தது என்று புரிந்துகொள்ளலாம். வில்லங்கச் சான்று பார்க்கிற அக்கறையில் பாதியை இதற்குக் கொடுங்கள், போதும்.

பிறகு, குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சோதனை. அமெரிக்காவில் பல மாவட்டங்களில் இந்தச் சோதனையில் தேறாத நிலத்தில் வழக்கமான முறையில் கட்டவே அனுமதி கிடையாது; வாங்குகிறவர்கள் சோதனை முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். நாமும் முன்பணத்துக்கு முன்னால் கேட்கலாம். கொட்டிய மண்ணைத் தாண்டி, கழிவுநீர் விடப்போகிற ஆழம்வரை தோண்ட வேண்டும். அடியில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலம் போதும். கடப்பாரையும் மண்வெட்டியும் இழுத்த பக்கங்கள் பூசினதுபோல் வழவழப்பாகியிருக்கும். அதைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். அடியில் இரண்டு அங்குலம் பருமணலோ சிறு ஜல்லியோ போட்டு, அதற்கு மேல் ஓர் அடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். குறையக் குறைய ஊற்றி, குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுக்க ஊறவிட வேண்டும்.

இந்த ஊறவிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சித்திரை வெயிலில் களி வெடித்திருக்கும். ஒரு குடம் ஊற்றினால் வெடிப்பு வழியே ஓடிவிடும், “பார்த்தீங்களா, எப்படி இழுக்குது!” என்பார்கள். ஊறின பிறகு அதே களி உப்பி, வெடிப்பு மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் இறங்காது. ஆகவே மறுநாள் காலை, ஜல்லிக்கு மேல் ஆறு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்துக்கொண்டு, அளவுகோலை நட்டு, 30 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியது என்று குறியுங்கள். மனையில் இரண்டு, மூன்று இடத்தில் செய்யுங்கள். முடிந்தால் மழைக்காலத்திலும் ஒருமுறை. குழி தோண்ட விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த மனை வேண்டாம் என்பது என் முடிவு.

லைன் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மண் கொஞ்சம் சுமாராக இருந்து ஓர் அங்குலம் இறங்க 60 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விதியில் உள்ள சூத்திரப்படி அந்த மண் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 26 லிட்டர்தான் ஏற்கும். ஒரு குடும்பத்தில் 5 பேர், ஆளுக்கு 70 லிட்டர், மொத்தம் 350 லிட்டர்: 13 சதுர மீட்டருக்குச் சற்று அதிகமாக வேண்டும், சமாளித்துவிடலாம். அதே மனையில் பத்து அறை கட்டி, அறைக்கு 4 பேராக ஷிப்ட் வேலைக்காரர்களை வைத்தால் 40 பேர், 2,800 லிட்டர். அதற்கு வேண்டிய பரப்பு 106 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,144 சதுர அடி. அரை கிரவுண்டு மனையே 1,200 சதுர அடிதான்! வாய்க்கால்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியைக்கூட இதில் சேர்க்கவில்லை. வீட்டை எங்கே கட்டுவீர்கள்? 5 பேருக்குப் போட்ட டேங்கில் 40 பேரை ஏற்றினால் அது என்ன செய்யும்?

என்ன செய்யும் என்றால், வாரத்துக்கு ஒருமுறை பொங்கும். கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன யாராவது ஒருவர் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், வாடகைக்கு விட்டிருந்த ஒரு கட்டடத்தின் செப்டிக் டேங்கில் 6 பேர் இறந்தார்கள். வீட்டுக்காரர், அவருடைய இரண்டு மகன்கள், குடியிருந்தவர்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க ஒருவர் பின் ஒருவராக இறங்கியவர்கள். 2021 பிப்ரவரியில் காட்ரம்பாக்கத்தில் உணவு தயாரிக்கும் ஓரிடத்தில் 3 பேர். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு விடுதியில் 3 பேர். இந்தச் சாவுகளுக்கு மண்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இழுக்காத மண்ணில் போட்ட டேங்கை அடிக்கடி திறக்க வேண்டிவரும், திறக்கும் ஒவ்வொரு முறையும் விஷவாயு காத்திருக்கும் என்றுதான் சொல்கிறேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பணம் இருக்கட்டும். யாரும், எதற்காகவும், உள்ளே விழுந்தவரைத் தூக்கவும்கூட, மூச்சுக்கருவி இல்லாமல் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற எண் இருக்கிறது.

கண்டுகொள்ளாமல் நடக்கும் இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வற்றிப்போன போரில் கழிவுநீர்க் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். அதைச் செய்தவர் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே நஞ்சு வைக்கிறார். அந்த ஓட்டை மண்ணின் வடிகட்டலைத் தாண்டி நேராக நீர்த்தடத்துக்குப் போகிறது. இன்னொன்று, மழைநீர் சேகரிப்புக் குழியை இடமில்லை என்று உறைக் குழிக்குப் பக்கத்திலேயே போடுவது. மழை பெய்யும்போது அந்தக் குழியில் இறங்குகிற தண்ணீர் பக்கத்துக் குழியின் அழுக்கையும் கீழே தள்ளிக்கொண்டு போகும்.

மண் தேறவில்லை என்றால் வீடே கட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். கட்டலாம், வேறு விதமாக. கசியாத டேங்கை இரண்டு அறையாகக் கட்டி, அதை ஒட்டி ஜல்லி நிரப்பிய தொட்டி ஒன்று கட்டி, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி வடிகட்டி வரும்படி செய்யலாம். அதிலிருந்து வருவதைக் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகையில் விடலாம். குளியலறை, துணி துவைக்கிற தண்ணீரை டேங்கில் சேர்க்காமல் தனியே பிரித்தாலே சுமை பெருமளவு குறையும். பிளாஸ்டிக் டேங்க் புதைப்பவர்கள் கவனியுங்கள்: நிலத்தடி நீர் ஏறியிருக்கும் மாதங்களில் அதைக் காலி செய்தால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வரும், கான்கிரீட் பிடிப்பு போட்டாக வேண்டும். இருபது, முப்பது மனை உள்ள லே-அவுட் என்றால் தனித்தனியாகப் போராடாமல் சேர்ந்து ஒரு சுத்திகரிப்பு அமைப்புக் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மனை விற்கும் முன்பே விற்பவரிடம் கேட்டால்தான் அது நடக்கும்.

ஏற்கெனவே கட்டிக் குடியிருப்பவர்கள் இந்த வாரமே போர்த் தண்ணீரைச் சோதியுங்கள். கண்ணாடிபோல் இருக்கிறது, நாற்றமில்லை என்பதெல்லாம் சோதனையாகாது. ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் சோதனைப் பெட்டியில் ஒரு சிறு குப்பி இருக்கும். தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுத்துவிடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி நைட்ரேட்டும் சேர்த்துப் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டியிருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை. கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முடிவு வரும்வரை போர்த் தண்ணீரைப் பால் கரைக்க எடுக்காதீர்கள். முடிவு மோசமாக வந்தால் மறைக்காமல் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் குடிப்பதும் அதே தண்ணீர்.